சேகரிப்பாளர் துப்பறிகிறார்: பொழுதுபோக்கை மையமாக வைத்து மர்ம நாவல் எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

தபால்தலை, நாணயம், பழைய அஞ்சலட்டை, பொத்தான், பொம்மை, கடிகாரம் என்று எதையாவது ஆசையாகச் சேர்க்கும் ஒருவர் கொலையொன்றைத் துப்பறியும் நாவல்களுக்குத் தனி வாசகர் கூட்டமே உண்டு. கோஸி மிஸ்டரி என்று சொல்கிறார்களே, அந்த வகையின் ஒரு கிளை இது. ரத்தம் புத்தகப் பக்கத்தில் தெறிக்காது. துப்பறிபவர் போலீஸ்காரர் அல்ல. எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஒரு சின்ன வட்டத்துக்குள் கதை நடக்கும். முடிவில் உண்மை வெளிவரும், குற்றவாளி பிடிபடுவார்.

எழுதத் தொடங்குபவர்கள் பலர் சறுக்குவது ஒரே இடத்தில்தான். சேகரிப்பு அலமாரியில் அழகாக உட்கார்ந்திருக்கும். கொலையோ சொத்துத் தகராறிலோ பழைய காதலிலோ நடந்துவிடும். தபால்தலையை எடுத்துவிட்டுக் கிளிஞ்சலை வைத்தாலும் கதை அப்படியே ஓடும் என்றால், அந்தக் கதைக்குத் தபால்தலை தேவையே இல்லை. கொலைக்கான காரணம், கொலையாளியைக் காட்டிக்கொடுக்கும் துப்பு, அந்தத் துப்பைப் பார்க்கத் தெரிந்த கண் ஆகிய மூன்றும் அந்தப் பொழுதுபோக்கிலிருந்தே பிறக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இதற்காகத்தான்.

படி 1: அடையாளம் சுமக்கும் பொருளைத் தேர்ந்தெடுங்கள்

உங்களுக்குப் பிடித்த பொருளாக இருந்தால் மட்டும் போதாது. அது எப்போது, எங்கே, எப்படி உருவானது என்பதைத் தன் உடம்பிலேயே வைத்திருக்க வேண்டும். தபால்தலையில் ஓரத் துளைகள், காகிதத்துக்குள் மறைந்திருக்கும் நீர்க்குறி, பின்புறப் பசை என்று எல்லாமே சாட்சி. இரண்டு சென்டிமீட்டருக்கு எத்தனை துளைகள் என்று எண்ணித்தான் ஒரு தலையை இன்னொன்றிலிருந்து பிரிக்கிறார்கள். 1840-இல் வந்த முதல் தபால்தலையான பென்னி பிளாக்கில் துளையே கிடையாது, கத்தரியால் வெட்டித்தான் ஒட்டினார்கள். இசைத்தட்டில் பாட்டு முடிந்தபின் உள்ள வெற்று வளையத்தில் எண்கள் கீறப்பட்டிருக்கும். பழைய பீங்கான் பொம்மைகளில் தலைமுடிக்கு அடியில், பிடரியில் அச்சு எண் இருக்கும். பழைய கடிகாரத்தைத் திறந்தால், அதைப் பழுதுபார்த்தவர்கள் உள்ளே பெயரும் தேதியும் கீறி வைத்திருப்பதைப் பார்க்கலாம்.

இரண்டாவதாக, அந்தப் பொருளைச் சுற்றி மனிதர்கள் கூட வேண்டும். சங்கம், கண்காட்சி, ஏலம், தரம் பார்த்துச் சான்று கொடுப்பவர், வியாபாரி, வாரிசு எல்லோரும் உள்ள பொழுதுபோக்கு என்றால் சந்தேகப் பட்டியல் தானாகவே உருவாகிவிடும். ஆற்றங்கரைக் கூழாங்கல் சேர்ப்பது அருமையான பழக்கம்தான். ஆனால் அதில் போட்டியாளர் யார், போலி செய்பவர் யார்?

மூன்றாவது, அளவு. சட்டைப் பையில் வைத்து எடுத்துப்போகவும், யாரும் பார்க்காதபோது ஒன்றை எடுத்து இன்னொன்றை வைக்கவும் முடிந்தால் கதைக்கு மிக வசதி.

படி 2: கையால் கற்றுக்கொள்ளுங்கள்

புத்தகத்தைப் படித்து வரலாற்றைத் தெரிந்துகொள்வது எளிது. நாவலுக்கு அதைவிட அவசியம் சேகரிப்பாளர்களின் கைப்பழக்கம். நாணயத்தைத் தொடுபவர் விளிம்பைப் பிடிப்பார், முகத்தில் விரல் வைக்க மாட்டார். தபால்தலையை இடுக்கியால்தான் எடுப்பார். கறுத்துப்போன நாணயத்தைப் புதிதாக வந்தவர் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்து பெருமையாகக் காட்டும்போது, அறையில் இருக்கும் மற்றவர்கள் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். தேய்த்த நாணயத்தின் மதிப்பு அதோடு போயிற்று.

இந்தச் சின்ன விவரங்கள் அலங்காரம் அல்ல. “முப்பது வருஷமாகச் சேர்க்கிறேன்” என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர், கையில் கொடுத்த நாணயத்தின் நடுவில் கட்டைவிரலைப் பதித்து வாங்கினால், அவர் பொய் சொல்கிறார் என்று உங்கள் கதாநாயகிக்கு அந்த நொடியே தெரியும். வாசகர் பெரும்பாலும் கவனிக்க மாட்டார். இப்படிப்பட்ட ஒரு பத்துப் பழக்கங்களையாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏலப் பட்டியல்களை வாங்கி நிதானமாகப் படியுங்கள். ஒரு பொருளின் குறையை எவ்வளவு நாசூக்காக மறைத்துச் சொல்ல முடியும் என்பதை அவைபோல எதுவும் சொல்லித்தராது. சங்கக் கூட்டத்துக்குப் போய் ஓரமாக உட்கார முடிந்தால் இன்னும் நல்லது. யார் யாருக்குத் தன் ஆல்பத்தைக் காட்டுகிறார், யாரைக் கண்டதும் மூடி வைக்கிறார் என்று பாருங்கள்.

படி 3: பணத்தைத் தாண்டிய காரணம் தேடுங்கள்

“அந்தத் தபால்தலை கோடிக்கணக்கில் விலைபோகும், அதனால் கொன்றான்” என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் காரணம். அதனாலேயே அது பலவீனமானது. சேகரிப்பு உலகத்தில் உண்மையாக நடந்த குற்றங்களைப் பார்த்தால், பணம் இருந்தாலும் அதற்குப் பின்னால் வேறு ஏதோ ஒன்று நிற்கிறது.

நாணயங்களின் தரத்தை 1 முதல் 70 வரை மதிப்பிடும் அளவுகோலை 1949-இல் வகுத்தவர் வில்லியம் ஷெல்டன். அமெரிக்காவின் பழைய செம்பு சென்ட்களில் அவர் சொன்னதே தீர்ப்பு. அதே ஷெல்டன், அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பிலிருந்த நல்ல நாணயங்களை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் தரம் குறைந்தவற்றை வைத்தது அவர் இறந்து பல வருடங்கள் கழித்துத்தான் வெளிச்சத்துக்கு வந்தது. தரம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவரே தரத்தை மாற்றி வைத்திருக்கிறார். எல்லோரும் நம்பும் நிபுணரைக் கொலையாளியாக வைக்க இதைவிடப் பெரிய முன்மாதிரி வேண்டாம்.

தாமஸ் வைஸ் இங்கிலாந்தின் மதிப்புமிக்க நூல் சேகரிப்பாளர். அரிய முதல் பதிப்புகள் என்று அவர் வழியாகப் பரவிய சிறு பிரசுரங்கள் போலி என்று 1934-இல் ஜான் கார்ட்டர், கிரஹாம் பொல்லார்டு என்ற இரண்டு இளம் புத்தக வியாபாரிகள் நிரூபித்தார்கள். எப்படி? காகிதத்தை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 1847 என்று ஆண்டு போட்ட பிரசுரத்தின் காகிதத்தில், அந்தக் காலத்தில் பயன்பாட்டுக்கே வராத மரக்கூழ் இருந்தது. வைஸ் 1937-இல் இறக்கும்வரை ஒப்புக்கொள்ளவில்லை. பெயர் போய்விடும் என்ற பயம் மனிதனை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இன்னும் இருட்டான ஒன்று 1985-இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் நடந்தது. பழைய ஆவணங்களைப் போலியாகத் தயாரித்து விற்ற மார்க் ஹாஃப்மன், தன்னிடம் இல்லவே இல்லாத ஒரு ஆவணத் தொகுப்பைத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். கெடு நெருங்கியதும், கொஞ்சம் அவகாசம் கிடைக்கட்டும் என்று குண்டு வைத்து இரண்டு பேரைக் கொன்றார். குண்டு கோஸி நாவலுக்குப் பொருந்தாது. ஆனால் ‘இல்லாத பொருளைக் கொடுத்தாக வேண்டிய நாள்’ என்பது எந்த நாவலுக்கும் பொருந்தும்.

ஆசைக்கும் ஒரு உதாரணம் வேண்டுமென்றால் 2009-இல் இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்தில் நடந்த திருட்டைப் பாருங்கள். ஒரு இளம் புல்லாங்குழல் மாணவர் ஜன்னலை உடைத்து உள்ளே போய் 299 பறவைத் தோல்களை எடுத்துக்கொண்டு போனார். மீன் தூண்டிலில் மாட்டும் பழங்கால ஈ வடிவ இரைகளை அசல் இறகுகளால் கட்டும் பொழுதுபோக்குக்காக! திருடிய பல தோல்களில் அடையாளச் சீட்டுகள் கழற்றப்பட்டிருந்தன. எங்கே, எப்போது பிடித்த பறவை என்ற தகவல் போனதும் அறிவியலுக்கு அதன் பயனும் பெரும்பாலும் போய்விட்டது.

உங்கள் கொலையாளிக்கு ஒரே வரியில் காரணம் எழுதுங்கள். அந்த வரியில் பணம் என்ற சொல் வராமல் எழுத முடிகிறதா என்று பாருங்கள்.

படி 4: துப்பறிபவரை உள்ளே இழுங்கள்

போலீஸ் இருக்கும்போது இவருக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு முதல் ஐம்பது பக்கங்களுக்குள் பதில் வேண்டும். “ஆர்வம்” என்பது பதில் அல்ல. செத்தவர்தான் இவருக்கு இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தவர் என்று வையுங்கள், அல்லது சந்தேகம் இவருடைய நண்பர்மேல் விழட்டும், அல்லது காணாமல்போன பொருளைக் கடைசியாகத் தொட்டவர் இவராகவே இருக்கட்டும்.

போலீஸை முட்டாளாக்க வேண்டாம். அவர்கள் கைரேகை, வங்கிக்கணக்கு, தொலைபேசி எல்லாவற்றையும் சரியாகவே பார்க்கட்டும். அவர்களுக்கு அந்தப் பொருளைப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். அந்த ஒரே ஒரு இடைவெளிதான் உங்கள் கதாநாயகி நுழையும் வாசல்.

படி 5: கொலையை நிகழ்த்துங்கள்

கொலை மேடைக்கு வெளியே நடக்கட்டும். உடலை ஒரு பத்தியில் சொல்லிவிட்டு, சுற்றியிருக்கும் பொருட்களுக்கு இரண்டு பக்கம் கொடுங்கள்.

சேகரிப்பு உலகத்தில் நஞ்சுக்குப் பஞ்சமில்லை. பூச்சி சேகரிப்பவர்கள் பூச்சிகளைக் கொல்லப் பயன்படுத்திய பழைய குடுவைகளில் சயனைடு இருந்தது. பாடம்செய்த பழைய பறவைகளின் தோலில் ஆர்சனிக் தடவியிருப்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் பளிச்சென்ற பச்சை நிறப் புத்தக அட்டைகள் சிலவற்றிலும் ஆர்சனிக் உண்டு. ஆனால் பச்சை அட்டையைத் தொட்டதும் ஒருவர் சுருண்டு விழுந்தார் என்று எழுதாதீர்கள், அது நடக்காது. இவற்றைப் பொய்த் தடமாக வைப்பதுதான் புத்திசாலித்தனம். பரிசோதனையில் ஆர்சனிக் தெரிகிறது, எல்லோரும் விஷம் என்று ஓடுகிறார்கள், கடைசியில் அது செத்தவர் பல வருடங்களாகக் கையாண்ட பறவைகளிலிருந்து வந்தது என்று தெரிகிறது.

படி 6: துப்பை முதலில் பாடமாகச் சொல்லிக்கொடுங்கள், பிறகு மறையுங்கள்

இதுதான் நாவலின் உயிர். ரோனால்ட் நாக்ஸ் 1929-இல் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். துப்பறிபவருக்குக் கிடைக்கும் துப்பை வாசகருக்கு மறைக்கக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. சேகரிப்புக் கதையில் இதைக் கடைப்பிடிப்பது இரட்டிப்புக் கஷ்டம். துப்பைக் காட்டினால் மட்டும் போதாது, அதைத் துப்பு என்று உணரத் தேவையான அறிவையும் வாசகருக்கு முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டும். கடைசி அத்தியாயத்தில் கதாநாயகி எழுந்து நின்று நமக்குத் தெரியாத நுணுக்கம் ஒன்றைச் சொல்லி வழக்கை முடித்தால், வாசகர் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார். நியாயமும் அதுதான்.

வழி ஒன்று இருக்கிறது. ஒரே செய்தியை மூன்று இடங்களில், மூன்று மனநிலைகளில் வையுங்கள். பழைய அஞ்சலட்டைகளை வைத்துக் காட்டுகிறேன்.

ஆரம்பகால அஞ்சலட்டையின் ஒரு பக்கம் முகவரிக்கு மட்டும். செய்தி எழுத வேண்டுமென்றால் படம் இருக்கும் பக்கத்தில், படத்தின் ஓரத்தில்தான் எழுத வேண்டும். முகவரிப் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடது பாதியைச் செய்திக்கு விட்டது பிரிட்டனில் 1902-இல். அமெரிக்காவில் 1907-இல். ஆகவே 1899-இல் லண்டனில் முத்திரை குத்தப்பட்டு, நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் செய்தி எழுதிய அட்டை இருக்கவே முடியாது.

முதல் இடம் மூன்றாம் அத்தியாயம். கதாநாயகி ஒரு பள்ளி நூலகர் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டுச் சிறுமி ஒரு பெட்டி நிறைய அட்டைகளைக் கொட்டி வைத்துக்கொண்டு கேட்கிறாள்.

“அத்தை, இதையெல்லாம் எப்படிப் பிரிக்கிறது? ஊர் ஊராவா?”

“படத்தைப் பார்க்காதே. திருப்பிப் பார். நடுவுல கோடு இருந்தா இந்தப் பெட்டி, இல்லேன்னா அந்தப் பெட்டி.”

“கோடு இல்லாததுல எங்கே எழுதுவாங்க?”

“அதான் படத்து மேலேயே கிறுக்கி வெச்சிருக்காங்களே, பாரு. 1902 வரைக்கும் அவங்களுக்கு வேற வழியில்ல.”

சிறுமி உடனே குதிரைப் படம் போட்ட அட்டையை எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று கெஞ்சத் தொடங்குகிறாள். பேச்சு குதிரைக்குப் போய்விடுகிறது. வாசகர் இதை ஒரு இனிமையான காட்சியாகப் படித்துவிட்டு நகர்வார்.

இரண்டாவது இடம் எட்டாம் அத்தியாயம். ஏலத்துக்கு வந்திருக்கும் புகழ்பெற்ற அட்டையை எல்லோரும் கண்ணாடிப் பேழைக்குள் பார்க்கிறார்கள். போருக்குப் போகும் ஒருவன் தன் காதலிக்கு எழுதியது. இடது பாதியில் நான்கே வரிகள், வலது பாதியில் முகவரி, மேலே 1899 முத்திரை. நீங்கள் அந்த நான்கு வரிகளை வாசகரின் தொண்டை அடைக்கும்படி எழுத வேண்டும். கண் கலங்கியிருப்பவர் கோட்டைப் பார்ப்பதில்லை. உண்மை முழுவதும் புத்தகப் பக்கத்திலேயே இருக்கிறது, எதையும் நீங்கள் ஒளிக்கவில்லை.

மூன்றாவது இடம் இருபதாம் அத்தியாயம். செத்தவரின் அட்டைகளைக் கதாநாயகி இரண்டு பெட்டிகளாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார். நடுவில் அந்த ஏல அட்டையின் நகல் வருகிறது. கோடு இருக்கிறது, கை தானாகவே அதற்குரிய பெட்டிக்குப் போகிறது, அப்போது தேதி கண்ணில் படுகிறது.

இதே முறையில் பயன்படுத்த, போலியைக் காட்டிக்கொடுக்கும் உண்மையான அடையாளங்கள் நிறைய இருக்கின்றன. காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்வுப் பொருட்கள் 1950 வாக்கில்தான் காகிதத் தொழிலுக்கு வந்தன. 1920 தேதியிட்ட கடிதம் புற ஊதா விளக்கின்கீழ் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் சந்தேகப்படலாம். 1943-இல் அமெரிக்கா ஒரு சென்ட் நாணயத்தை எஃகில் அடித்தது. தவறிப்போய்ச் செம்பில் விழுந்த ஒரு சில நாணயங்கள் பெரும் அரிதானவை. எஃகு நாணயத்துக்குச் செம்பு முலாம் பூசி ஏமாற்றுபவர்களும் உண்டு. ஒரு சின்னக் காந்தம் போதும், போலி ஒட்டிக்கொள்ளும். அதே போர்க்காலத்தில், 1942 இறுதி முதல் 1945 வரை, ஐந்து சென்ட் நாணயத்தின் பின்புறத்தில் உள்ள கட்டடத்தின் குவிமாடத்துக்கு மேலே நாணயசாலையின் பெரிய எழுத்து ஒன்றைப் பொறித்தார்கள். 1950களில் கள்ள நாணயம் அடித்த ஒருவர் 1944 என்று ஆண்டைப் போட்டார், அந்த எழுத்தைப் போடவில்லை. இல்லாத எழுத்தே காட்டிக்கொடுத்தது.

கடைசியாகச் சொன்ன வகைதான் எனக்கு மிகவும் பிடித்தது. இருக்கும் ஒன்றைக் கவனிப்பதைவிட, இருக்க வேண்டிய ஒன்று இல்லாததைக் கவனிப்பது எவ்வளவோ கடினம்.

பொருளில் மட்டும் துப்பு இருக்க வேண்டியதில்லை. 2005-இல் யேல் பல்கலைக்கழகத்தின் பைனக்கி நூலகத்தில் ஒரு நூலகப் பணியாளர் தரையில் சின்னக் கத்தி அலகு ஒன்று கிடப்பதைப் பார்த்தார். அரிய நூல்கள் இருக்கும் அறையில் பிளேடுக்கு என்ன வேலை? அங்கே உட்கார்ந்திருந்த பழைய வரைபட வியாபாரி அன்றே பிடிபட்டார். பல நூலகங்களிலிருந்து 97 வரைபடங்களை எடுத்ததாகப் பிறகு ஒப்புக்கொண்டார். ஒரு இடத்தில் இருக்கக்கூடாத பொருளை உங்கள் கதையிலும் எங்காவது தரையில் போடுங்கள்.

படி 7: பொய்த் தடங்களும் அந்த உலகத்திலிருந்தே

ஏலத்தில் தோற்றவர், தந்தையின் சேகரிப்பைக் குப்பை என்று நினைத்து விற்கத் துடிக்கும் மகன், தொகுப்பில் ஒன்றே ஒன்று குறைந்து தூக்கம் கெட்டவர், கிழிந்ததை ஒட்டிப் புதிதாக்கும் கைவினைஞர் என நான்கு பேர் போதும். ஒவ்வொருவருக்கும் ஒரு ரகசியம் கொடுங்கள். ரகசியம் உண்மையாக இருக்கட்டும், கொலைக்கு மட்டும் சம்பந்தமில்லாமல் இருக்கட்டும். மகன் ரகசியமாக விற்றது உண்மை. ஆனால் அவன் விற்றது தன் பங்கைத்தான்.

அஞ்சலட்டைக் கதையில் செத்தவரின் குறிப்பேட்டில் கடைசியாக “கோடு?” என்று மட்டும் எழுதியிருக்கிறது என்று வையுங்கள். போலீஸ் அதை ஆங்கில ‘code’ என்று படித்து, பெட்டகத்தின் ரகசிய எண் என்று எடுத்துக்கொண்டு எட்டு அத்தியாயங்கள் அலையலாம். கதாநாயகியும் கூடவே அலையட்டும், தப்பில்லை.

படி 8: அத்தியாயங்களை அடுக்குங்கள்

பின்னாலிருந்து திட்டமிடுங்கள். கொலையாளி என்ன செய்தார் என்பதை மணிவாரியாக ஒரு தாளில் எழுதிவிட்டு, கதாநாயகி எதை எப்போது அறிகிறார் என்று இன்னொரு தாளில் எழுதுங்கள். முப்பது அத்தியாயம் வரும் கதையில் நான்காவதுக்குள் உடல் கிடைத்துவிட வேண்டும், பாதியில் ஒரு உறுதியான முடிவு தவறென்று தெரிய வேண்டும். மற்றது எழுதும்போது தானாக அமையும்.

படி 9: வெளிப்படுத்தும் காட்சி

எல்லோரையும் ஒரு அறையில் கூட்டி நீண்ட சொற்பொழிவு ஆற்றுவது பழைய வழக்கம். இந்த வகைக் கதைக்கு அதைவிடப் பொருத்தமான களம் இருக்கிறது: கண்காட்சி, ஏலம், சங்கக் கூட்டம். அங்கே பொருளைக் கொலையாளியின் கையிலேயே கொடுங்கள். கதாநாயகி காந்தத்தை நீட்டட்டும். விளக்கைப் போடட்டும். “இந்த அட்டையை எந்தப் பெட்டியில் போடுவீங்க?” என்று கொலையாளியான சங்கச் செயலாளரிடம் கதாநாயகி கேட்கட்டும். அவர் நிபுணர், பதில் அவருக்கு நன்றாகத் தெரியும். சொன்னாலும் மாட்டிக்கொள்வார், தெரியாதென்று சொன்னாலும் மாட்டிக்கொள்வார். சிறுமிக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் வாசகருக்கு அந்த இடத்தில் நினைவுக்கு வந்துவிட்டால், நீங்கள் ஒரு வரிகூட விளக்க வேண்டியதில்லை.

படி 10: இரண்டு பேரிடம் கொடுங்கள்

முதல் வரைவு முடிந்ததும் அந்தப் பொருளை உண்மையாகவே சேகரிக்கும் ஒருவரிடமும், அதைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவரிடமும் கொடுங்கள். சேகரிப்பாளரிடம் கேட்க வேண்டியது: எங்கே உங்களுக்குச் சிரிப்பு வந்தது, எங்கே யாராவது பொருளைத் தப்பாகப் பிடித்தார்கள்? தெரியாதவரிடம் கேட்க வேண்டியது: எந்தப் பக்கத்தில் தாண்டிப் படித்தீர்கள்? அவர் தாண்டிய பக்கங்களில்தான் நீங்கள் கற்றதையெல்லாம் கொட்டியிருப்பீர்கள். அங்கே துப்புக்குத் தேவையான இரண்டு வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டுங்கள்.

வெட்டியதைத் தூக்கிப் போட வேண்டாம். கோஸி வாசகர்கள் ஒரு கதாநாயகியைப் பிடித்துவிட்டால் அடுத்த நாவலும் கேட்பார்கள், இந்த வகையில் தொடர்கள்தான் அதிகம். ஒரு நாவலுக்கு இரண்டு அடையாள நுணுக்கங்களுக்குமேல் செலவழிக்காதீர்கள். அஞ்சலட்டையின் நடுக்கோட்டை முதல் நாவலில் பயன்படுத்தியிருந்தால், காகிதத்தின் ஒளிர்வை இரண்டாவதற்கு, தபால்தலையின் துளைக்கணக்கை மூன்றாவதற்கு என்று ஒரு தனி நோட்டில் குறித்து வையுங்கள்.